அம்புக்குறிக்கு அறுபது ஆண்டுகள்

சில வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தின் கிராமமொன்றில் வசிக்கும் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். மாலை வேளைகளில் தனியாக நடந்துவருவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் சந்தியில் நின்ற கம்பமொன்றில் சிறிய பச்சை நிறப் பலகை கண்ணில் பட்டது. பலகையில் வெள்ளை நிறத்தில் ஒரு இருதயம். அதன் நடுவே மின்னல் கீற்று. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டிய வழியே சென்றேன். ஐம்பது அடி தூரத்தில் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு நின்றது. உள்ளே தொலைபேசி இல்லை. அது இருந்த இடத்தில் மஞ்சள் நிறப் பெட்டியொன்று பொருத்தப்பட்டிருந்தது.

அது டிஃபிபிரிலேட்டர் என்று வீடு திரும்பியதும் மருமகன் விளக்கினார். துடிப்பு நிலைகுலைந்த இருதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அதை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி. "யாரும் எடுத்துப் பாவிக்கலாம் மாமா. பெட்டியைத் திறந்தால் அதுவே பேசும். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில், 1990களின் நடுப்பகுதியில் ஓர் இரவு, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் மூத்த உதவி ஆசிரியர் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிப் பத்திரிகைத் தாளால் விசிறினோம். ஒருவர் சோடா வாங்கிவர ஓடினார். நெஞ்சை அமுக்க வேண்டும் என்பது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முச்சக்கரவண்டியொன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்துவிட்டது. உலகத்துச் செய்திகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த நாங்கள், எதிரில் இருந்தவரின் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் பச்சைப் பலகையின் வரலாற்றைத் தேடத் தூண்டியது அந்த நினைவுதான். தேடியபோது, மின்னதிர்ச்சியால் இருதயத்தை மீட்கலாம் என்ற அறிவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயது என்பதையும், அந்தக் கருவி இருக்கும் இடத்தைத் தெருவில் செல்பவருக்குக் காட்டும் பலகை மிக அண்மையில்தான் வந்து சேர்ந்தது என்பதையும் அறிந்துகொண்டேன்.

ஜெனீவாவில் தொடங்கிய கதை

மாரடைப்பையும் இருதய நிறுத்தத்தையும் நாம் பொதுவாக ஒன்றாகவே பேசுகிறோம். மருத்துவர்கள் அவ்வாறு கருதுவதில்லை. இருதயத் தசைக்குக் குருதி செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அந்த நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லுவார். இருதய நிறுத்தம் வேறு. பல வேளைகளில் இருதயத்தின் கீழறைகளை இயக்கும் மின்னோட்டம் திடீரெனக் குழம்பி, தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் துடிதுடிக்கத் தொடங்கிவிடும். புழுக்கள் நெளிவதைப் போன்ற அசைவு இருக்குமே தவிர, குருதி வெளியேறாது. மனிதர் சில வினாடிகளில் நினைவிழந்து விழுந்துவிடுவார். அதன் பின்னர் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ பத்திலொரு பங்கைப் பறித்துச் செல்கிறது. நெஞ்சை இடைவிடாது அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தத் தேய்வு மெதுவாகும். ஆனால் குழம்பிய மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்த மின்னதிர்ச்சியே வேண்டும்.

1899 ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறேவோ, பட்டெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களில் செய்த பரிசோதனையில் விந்தையானதொரு உண்மையைக் கண்டனர். சிறிய மின்னதிர்ச்சி இருதயத்தை இந்தத் துடிதுடிப்புக்குள் தள்ளியது. பெரிய மின்னதிர்ச்சி அதிலிருந்து மீட்டது. அன்று இதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த உண்மைக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்கள் மின் கம்பனிகள். அமெரிக்காவில் மின்சாரம் பரவியபோது, கம்பங்களில் ஏறி வேலைசெய்த தொழிலாளர்கள் மின்னதிர்ச்சியால் இறந்தனர். அந்த மரணங்களின் காரணத்தை அறிவதற்குக் கம்பனிகள் பணம் கொடுத்தன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின் பொறியியலாளர் வில்லியம் கூவன்ஹோவன் அந்த ஆய்வில் பல ஆண்டுகள் உழைத்தார். நெஞ்சைக் கைகளால் அமுக்கிக் குருதியோட்டத்தைப் பேணலாம் என்று 1960 இல் உலகுக்கு அறிவித்த மூவரில் அவரும் ஒருவர். நாய்களின் மார்பில் மின்முனைகளை அழுத்தி வைத்தபோதே நாடி அசைவதை ஆய்வுகூடத்தில் கவனித்ததிலிருந்து பிறந்த முறை அது.

மனித இருதயம் மின்னதிர்ச்சியால் முதன்முதலில் மீட்கப்பட்டது 1947 இல். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கிளோட் பெக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மார்பில் சத்திரசிகிச்சை செய்து முடிக்கும் வேளையில் அவனது இருதயம் நின்றது. திறந்த மார்புக்குள் கைவிட்டு இருதயத்தைப் பிசைந்தபடி காத்திருந்த அவர், தாம் ஆய்வுக்காக உருவாக்கியிருந்த மின்கருவியைக் கொண்டுவரச் செய்து நேரடியாக இருதயத்தின் மீது பாய்ச்சினார். சிறுவன் பிழைத்தான். 1956 இல் பொஸ்ரனின் போல் சோல், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே இதைச் செய்யலாம் எனக் காட்டினார்.

ஆனால் அந்தக் கருவிகள் சுவரிலுள்ள மின் இணைப்பில் இயங்குபவை. நோயாளிதான் அவற்றைத் தேடி வரவேண்டும். மின்னைச் சேமித்து ஒரே தடவையில் வெளிவிடும் முறையைச் சோவியத் ஒன்றியத்தின் நௌம் குர்விச் 1939 அளவிலேயே ஆராய்ந்திருந்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான பேர்னார்ட் லௌன் நேர்மின்னோட்டக் கருவியை மருத்துவ வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்காக மருத்துவர்களைத் திரட்டி, 1985 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற அமைப்பின் இணை நிறுவுநர் அதே லௌன்தான். மின்கலத்தில் இயங்கும் கருவிக்கான கதவு இவ்வாறு திறந்தது.

பெல்பாஸ்ட் மருத்துவரின் பிடிவாதம்

அந்தக் கதவு வழியாகக் கருவியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் வட அயர்லாந்தின் பிராங்க் பான்ரிட்ஜ். அவருடைய வாழ்க்கையே ஒரு நாவலுக்குப் போதுமானது. இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக மலாயாவுக்குச் சென்று, 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரின் கைதியானார். சயாம் - பர்மா ரயில் பாதையில் அடிமை வேலை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மாண்டுபோன அதே மரண ரயில் பாதைதான். போசாக்கின்மையால் இருதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் அவரையும் பற்றியது. எலும்பும் தோலுமாக உயிர் தப்பி ஊர் திரும்பியவர், இருதய நோய் ஆராய்ச்சியையே தமது துறையாக வரித்துக்கொண்டார்.

பெல்பாஸ்டின் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் பணியாற்றியபோது அவரை உறுத்திய கேள்வி எளிமையானது. மாரடைப்பால் இறப்பவர்களிற் பலர், நோய் தொடங்கிய முதல் சில மணித்தியாலங்களுக்குள், வைத்தியசாலை வாசலை மிதிக்கும் முன்னரே இறக்கின்றனர். அப்படியிருக்க, உயிர் காக்கும் கருவியை வைத்தியசாலைக்குள் பூட்டி வைத்திருப்பதில் என்ன பயன்? 1965 இல் கார் மின்கலங்களில் இயங்கும் கருவியொன்றை அவர் உருவாக்கினார். நிறை ஏறத்தாழ 70 கிலோகிராம். ஒரு மனிதரின் பாரம். அடுத்த ஆண்டு அதை அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி, சக மருத்துவர் ஜோன் கெடஸுடன் சேர்ந்து, நோயாளியின் வீட்டுக்கும் தெருவுக்கும் அனுப்பத் தொடங்கினார். 1967 இல் 'லான்செட்' சஞ்சிகையில் அவர்களுடைய கட்டுரை வெளியானது.

அமெரிக்க நகரங்கள் அந்த முறையை விரைவாக ஏற்றுக்கொண்டன. சொந்த நாடு ஏற்கத் தயங்கியது. பிரித்தானியாவில் முன்னணிச் சேவையிலுள்ள எல்லா அம்புலன்ஸ் வண்டிகளிலும் இந்தக் கருவி பொருத்தப்படுவதற்கு 1990 வரை காத்திருக்க நேர்ந்தது. பான்ரிட்ஜ் அதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டிருந்தார். தீயணைக்கும் கருவி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதுவும் இருக்கவேண்டும் என்று வாதாடினார். தீயைக் காட்டிலும் இருதயம் அதிகம் பேரைக் கொல்கிறதல்லவா?

அவர் மறைந்த நாள் 2004 டிசம்பர் 26. எம் நாட்டவர் எவருக்கும் அந்தத் திகதியை விளக்க வேண்டியதில்லை. அன்று எங்கள் கரையோரங்களில் கடல் கொண்டுபோனவர்களின் எண்ணிக்கையை மணிக்கொரு தடவை திருத்தி எழுதிக்கொண்டிருந்த எங்கள் மேசையில், அந்த முதிய மருத்துவரின் மரணச் செய்திக்கு இடமிருந்திருக்காது. அவர் யார் என்பதையே பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன்.

அதே 1965 இல்

பான்ரிட்ஜ் தமது கருவியை உருவாக்கிய அதே ஆண்டில், கடலுக்கு மறுபுறம் பிரித்தானிய வீதிகளில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை அந்நாட்டு வீதிக்குறிகள் ஆளுக்கொரு எழுத்தும் ஊருக்கொரு வடிவமுமாகக் கிடந்தன. வாகனங்களின் வேகம் கூடியபோது அவற்றைப் படித்து முடிப்பதற்குள் சாரதி சந்தியைத் தாண்டிவிடுவார். சேர் வோல்ரர் வோபோய்ஸ் தலைமையிலான குழு 1963 இல் தந்த அறிக்கையின்படி, 1965 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. வடிவமைத்தவர்கள் ஜொக் கின்னெயர் என்பவரும் அவருடைய முன்னாள் மாணவி மார்கரெட் கல்வேர்ட்டும்.

அவர்கள் பின்பற்றிய நெறி சுருக்கமானது. வேகமாகச் செல்பவருக்குச் சொற்கள் குறைவாகவும் படம் தெளிவாகவும் இருக்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடத்தைக் காட்டும் குறியில், சிறுவனைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் சிறுமியின் உருவத்தைத் தமது சிறுவயதுத் தோற்றத்தை வைத்தே வரைந்ததாகக் கல்வேர்ட் கூறியிருக்கிறார். மாடு குறுக்கிடும் இடம், கற்கள் உருளும் இடம், வைத்தியசாலை இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் குறிகள் பிறந்தன. ஆபத்தை எச்சரிக்கவும் உதவியைக் காட்டவும் ஒரு முழு மொழியே வீதியோரத்தில் எழுந்து நின்றது.

கருவி ஒரு கரையில், குறி மறு கரையில். இரண்டும் சந்திப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன.

பேசும் பெட்டி

இடையில் கருவி சுருங்கியது, அறிவும் பெற்றது. இருதயத் துடிப்பின் கோலத்தைத் தானே பரிசோதித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று தானே தீர்மானிக்கும் கருவியொன்றை அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்ச் டயக்கும் அவரது குழுவினரும் 1979 இல் விபரித்தனர். அதன் வழிவந்தவைதான் ஏ.ஈ.டி. என்று இன்று அழைக்கப்படும் தன்னியக்கக் கருவிகள். தேவையில்லாத நெஞ்சுக்கு அவை அதிர்ச்சி கொடுப்பதில்லை. ஆகவே அவற்றை மருத்துவரல்லாதவர் கையில் கொடுக்கலாம் என்ற துணிவு பிறந்தது.

அந்தத் துணிவுக்குச் சான்று கிடைத்த இடம் சற்று எதிர்பாராதது. லாஸ் வேகாஸ் போன்ற இடங்களின் சூதாட்ட மண்டபங்கள்! அங்கு கமெராக்கள் ஒவ்வொரு மேசையையும் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒருவர் எந்த வினாடியில் விழுந்தார், காவலர் எந்த வினாடியில் வந்தார் என்பதைக் கணக்கிடலாம். 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, இருதயம் துடிதுடித்து விழுந்த 105 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் உயிருடன் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினர். மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தனர். மூன்று நிமிடங்கள் கடந்தபின் பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேர்.

சிக்காகோ விமான நிலையங்களில் 1999 இல், ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் இடையே 60 முதல் 90 வினாடி நடைதூரம் இருக்கும்படி எல்லோரும் காணத்தக்க இடங்களில் அவற்றை வைத்தனர். இரண்டு ஆண்டுகளில் இவ்வாறான துடிதுடிப்புடன் விழுந்தவர்கள் 18 பேர். அவர்களில் 11 பேர் மீட்கப்பட்டனர். மீட்டவர்களுள் ஆறு பேர் அந்தக் கருவியை அதற்கு முன்னர் இயக்கிப் பழகியவர்கள் அல்லர். அவர்களில் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள், மற்றையோர் வழிப்போக்கர்கள். சுவரில் கண்டார்கள், எடுத்தார்கள், பெட்டி சொன்னபடி செய்தார்கள்.

ஜப்பானில் 2002 இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் தக்கமாடோ ஸ்குவாஷ் விளையாடிக்கொண்டிருந்தபோது இவ்வாறே விழுந்து மரணமானார். 2004 ஜூலையில் பொதுமக்கள் இந்தக் கருவியை இயக்குவதற்கு அங்கு அனுமதி கிடைத்தது. பின்னர் ரயில் நிலையங்களிலும், பாடசாலைகளிலும், குளிர்பான விற்பனை இயந்திரங்களின் பக்கத்திலும்கூட அவை இடம்பிடித்தன.

இருந்தும் இல்லாதது

இப்போதுதான் புதியதொரு சிக்கல் முளைத்தது. கருவி இருக்கிறது. எங்கே இருக்கிறது?

விமான நிலையத்துக்குள்ளும் சூதாட்ட மண்டபத்துக்குள்ளும் சுவர்கள் உண்டு, காவலர் உண்டு. ஊர் என்பது அப்படியல்ல. கிராம மண்டபத்தின் பின்சுவரில் ஒன்று, கடையின் உட்பக்கத்தில் ஒன்று, இரவில் பூட்டப்படும் பாடசாலைக்குள் ஒன்று. வைத்தவர்களுக்குத் தெரியும், வழிப்போக்கருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் தென்பகுதி நகரமொன்றில் ஆயிரம் பேரளவில் விசாரித்து 2015 இல் வெளியான ஆய்வு, மிக அருகிலுள்ள கருவி எங்கே இருக்கிறது என்பதை அல்லது அதை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவிலேயே இருந்தனர் என்று காட்டியது. பணம் சேர்த்து, விழா எடுத்து, நாடா வெட்டி வைக்கப்பட்ட கருவி, தேவைப்படும் மனிதருக்கு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறி வேண்டும் என்று முதலில் முயன்றவர்கள் உயிர்மீட்பு மருத்துவர்களின் சர்வதேச இணைப்புக் குழுவினர். 2008 இல் அவர்கள் பரிந்துரைத்ததுதான் பச்சைப் பின்னணியில் வெள்ளை இருதயமும் மின்னல் கீற்றும். பச்சை நிறத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. அவசர வெளியேறும் வழி, முதலுதவி ஆகியவற்றுக்குச் சர்வதேச அளவில் அந்த நிறமே வழக்கு.

அதே 2008 இல் பிரித்தானியத் தொலைபேசி நிறுவனம், கைத்தொலைபேசியின் வரவால் வேலையிழந்த சிவப்புக் கூண்டுகளை ஒரு பவுணுக்கு ஊர்ச் சபைகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. கைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட் 1935 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி வடிவமைத்த கூண்டுகள் அவற்றுட் பல. சில நூல் நிலையங்களாயின. வேறு பல கூண்டுகளுக்குள் டிஃபிபிரிலேட்டர் குடியேறியது. கூண்டு தூரத்திலிருந்தே தெரியும். எங்கே நிற்கிறது என்பது ஊராருக்கு மனப்பாடம். இருபதாம் நூற்றாண்டில் உதவி கேட்டு ஓடிய அதே இடத்துக்கு இந்த நூற்றாண்டிலும் ஓடலாம்.

ஆனால் குறி எல்லோருக்கும் விளங்கியதா? விளங்கவில்லை. இருதயமும் மின்னலும் எதைச் சொல்கின்றன என்று பலர் தடுமாறினர். இருதய வருத்தக்காரரை எச்சரிக்கும் பலகை, மின்சார ஆபத்து என்றெல்லாம் பொருள்கொள்ள அதில் இடமிருந்தது. கருவியின் பெயரே நாக்கில் சிக்குகிறது. 'நான் அதற்குப் பயிற்சி பெற்றவனல்லவே' என்ற தயக்கம் வேறு. பிரித்தானிய ஆய்வாளர்கள் பொதுமக்களிடமே கருத்துக் கேட்டுப் புதிய குறியொன்றை வகுத்து 2017 இல் அதன் விபரங்களை வெளியிட்டனர். அதில் கருவியின் பெயரோடு 'ஹார்ட் ரீஸ்டார்ட்டர்' என்ற எளிய சொற்களும் சேர்ந்தன. இருதயத்தை மீளத் தொடக்குவது என்று பொருள். மருத்துவ நூலின் சொல்லைத் தெருவின் சொல்லாக்கியதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை.

பெட்டிக்கு மேலே ஒட்டிய குறி, பெட்டியின் முன்னால் நிற்பவருக்கே பயன்படும். அடுத்த தெருவில் நிற்பவருக்கு அம்புக்குறி வேண்டும். ஊராட்சிகள் ஆங்காங்கே சிறு பலகைகளை நாட்டின. நான் கண்டதும் அத்தகையதே. ஆனால் பிரதான வீதியோரத்தில், சாரதி காணும்படி ஒரு பலகையை நாட்டுவதென்றால் அது வீதிச் சட்டத்தில் இடம்பெற்ற குறியாக இருக்கவேண்டும். அல்லது தனியாக அனுமதி பெறவேண்டும். அந்த ஒழுங்கைக் குறை சொல்வதற்கில்லை. எவரும் எதையும் நாட்டலாம் என்றால் 1965 க்கு முந்திய குழப்பமே திரும்பிவரும். மகனை இழந்த குடும்பமொன்று முன்னின்று நடத்திய பிரசாரத்தின் பயனாக, 2020களின் நடுப்பகுதியில் பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களம் டிஃபிபிரிலேட்டருக்கு வழிகாட்டும் வீதிக்குறியை ஏற்றுக்கொண்டது. பான்ரிட்ஜின் கருவியும் கின்னெயர், கல்வேர்ட் ஆகியோரின் வீதி மொழியும் அன்றுதான் சந்தித்தன.

எவருக்காக அந்தப் பலகை?

அவசர அழைப்பு எடுத்தால் மறுமுனையில் இருப்பவரே கருவியின் இடத்தைச் சொல்லிவிடுவாரே, பலகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிரித்தானியாவில் கருவிகளைப் பதிவு செய்யும் தேசிய வலையமைப்பு இன்று உண்டு. கைத்தொலைபேசியிலும் தேடலாம். இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் பதிவு செய்யப்படாத கருவியை எந்த வலையமைப்பும் காட்டாது. அத்துடன், பலகையின் வேலை அவசர வேளையில் மட்டும் நடப்பதன்று. தினமும் அந்த வழியாகக் கடைக்கும் பாடசாலைக்கும் போகிறவர் அதை நூறு தடவை பார்க்கிறார். பார்த்ததாகவே அவருக்கு நினைவிருக்காது. நூற்றோராவது தடவை, பக்கத்தில் ஒருவர் விழும்போது, அவருடைய கால்கள் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதை அறிந்திருக்கும்.

2021 ஜூனில் கொப்பன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் சரிந்து விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் பிழைத்தார்; மீண்டும் பந்து விளையாடினார். அவருக்கு மைதான விளிம்பில் மருத்துவரும் கருவியும் காத்திருந்தன. சாதாரண மனிதர் விழுவது வீட்டு முற்றத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் அலுவலகக் கதிரையிலும்தான். அங்கே அவருக்குக் கிடைக்கக்கூடிய மருத்துவர், பக்கத்தில் நிற்பவரே.

எங்கள் உதவி ஆசிரியர் அன்றிரவு பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மருத்துவர்களாலும் சொல்ல முடியாது. அவருடைய மேசையில் பாதி திருத்திய நிலையில் கிடந்த செய்தியை நான்தான் முடித்து அனுப்பினேன். தலைப்பில் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்கக்கூடாது என்று எங்களைக் கண்டித்து வளர்த்தவர் அவர். வாசகன் எங்கே பார்க்கவேண்டும் என்பதைத் தலைப்பு காட்டவேண்டும். காட்டாவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல செய்தி இருந்தும் பயனில்லை என்பார்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாலை அந்தச் சந்திக்கு மீண்டும் போனேன். சிறு பிள்ளையொன்று தாயின் கையைப் பிடித்தபடி பலகையை அண்ணாந்து பார்த்து, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது. தாய் நின்று, அம்பு காட்டிய திசையில் கையை நீட்டி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நடந்தார்.